காவி காயும் மூன்று நாள்

என் அக்காவின் இடது கண் மூடாது. தூங்கும்போதும் மூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் பாயில் ஒருக்களித்துப் படுத்தால் ஐந்து நிமிடத்தில் குறட்டை விடுவாள். வலது கண் ஒழுங்காக மூடியிருக்கும். இடது கண் பாதி திறந்தபடி என்னைப் பார்க்கும். அது என்னைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கொரோனாத் தடுப்பூசியால் வந்த வினை என்று தோட்டம் முழுக்கச் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. ஊசி ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான். அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போக வேண்டும். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா, ஆளுக்கொரு அறை. ஒன்றில் நானும் என் மனைவியும். இடப்பக்கக் காம்பராவில் அக்கா. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள். வலப்பக்கக் காம்பராவில் வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு கங்காணியும் அவருடைய மகளும். அவரை நான் அண்ணே என்பேன். அவர் என் அக்காவைத் தங்கச்சி என்பார். அவருடைய மகளுக்கு நான் மாமா, அக்கா அத்தை. ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது. நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். அங்கே அவர் இருமினால் இங்கே நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, இருமி முடிக்கட்டும் என்று காத்திருப்போம்.

நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்க்கிறேன். அது சம்பளத்துக்கு. ஊரில் என் பேர் தெரிந்தது அக்கி எழுதுகிறவன் என்று.

அக்கி தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். உடம்பில் ஒரு பக்கமாக மட்டும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பி, நெருப்பு வைத்த மாதிரி எரியும். எங்கள் ஆட்கள் இந்தியாவில் சட்டி பானை செய்தவர்களாம். இங்கே வந்த பிறகு ஒரு சட்டியும் செய்யவில்லை, அக்கி எழுதுவது மட்டும் கூடவே வந்துவிட்டது. காவிக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் சிங்கம் ஒன்று வரைந்து, சுற்றிலும் கனமாகப் பூசிவிட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், கிழக்கே பார்த்து உட்கார வைத்து, மூன்று நாள் எழுத வேண்டும். அந்த மூன்று நாளும் தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, மாத்திரை மருந்து எதுவும் கூடாது. நாலாம் நாள் காலையில் கழுவினால் கொப்புளம் வாடியிருக்கும். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வீட்டு அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்டோ பிடித்து வருவார்கள். காசு வாங்க மாட்டேன், அதில் எனக்கு ஒரு கெத்து. என் கை பட்டால் இறங்கிவிடும் என்று நாலு பேர் சொல்லும்போது, இல்லை இல்லை எல்லாம் அவன் செயல் என்று தலையைக் குனிந்துகொள்வேனே தவிர உள்ளுக்குள் குளுகுளு என்றிருக்கும்.

தடுப்பூசி போடும் நாள் வந்தபோது எங்கள் லயத்தில் ஒருத்தருக்கும் போக மனமில்லை. ஊசி போட்டால் இரண்டு வருஷத்தில் சாவு என்று யாருடைய போனிலோ ஒரு வீடியோ வந்து, அது காம்பராவுக்குக் காம்பரா சுற்றிக்கொண்டிருந்தது. அக்காதான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூட மண்டபத்தில் மிட்வைப் மிஸ் ஊசியோடு பக்கத்தில் வந்து, பயமா இருக்கா என்று கேட்டார்.

"கொழுந்து மலையில அட்டை கடிச்சுக் கடிச்சு மரத்துப் போன ஒடம்பு மிஸ். நீங்க குத்துங்க. சத்தம் வந்துச்சுன்னா அது எனக்குப் பின்னால நிக்கிற என் தம்பி கத்துறதாத்தான் இருக்கும்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன், முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா போட்டுக்கொண்டதைப் பார்த்துத்தான் எங்கள் லயத்தில் பாதிப் பேர் போட்டார்கள். பக்கத்துக் காம்பரா அண்ணனும் வந்தார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் இருந்ததால், காய்ச்சல் விட்ட பிறகு அடுத்த தடவை வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்திருக்கும். காலையில் அன்றைய வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும் நேரத்தில் அக்கா எங்கள் காம்பராவுக்கு வந்தாள். இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். காதுக்குள்ளே கம்பியைக் காய்ச்சி விட்ட மாதிரி இருக்கிறது என்றாள். கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். காது மடலில் ஏழெட்டுக் கொப்புளம். துளைக்குள்ளும் இரண்டு மூன்று தெரிந்தது. அக்கி என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துதான் என்னிடம் வந்திருக்கிறாள்.

என் மனைவி விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பிடித்தாள். "இது காதுக்குள்ள இருக்குங்க. கண்ணுக்கும் கிட்ட. டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி காட்டுங்க" என்றாள்.

"அக்கி எழுதுறவன் அக்காவுக்கு அக்கி வந்து டிஸ்பென்சரிக்குப் போனா ஊரே சிரிக்கும். நீ போயி அடுப்பைப் பாரு" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்றைக்கு மட்டும் என்னிடம் சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ நாள் அவள்மேல் எரிச்சல் பட்டிருக்கிறேன். பாருங்கள், அப்போதும் குற்றம் அவள் தலையில்.

காவியைக் குழைத்தேன். காது மடலில் சிங்கம் வரைய இடமில்லாததால் கன்னத்தில் வரைந்தேன். காதுக்குப் பின்னால், தாடை, நெற்றி ஓரம், கண் ஓரம் வரைக்கும் கனமாகப் பூசினேன். அக்கா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். "சிங்கத்துக்கு ஒன் மூக்குடா" என்றாள். அப்படியே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்கும் போனாள்.

இரண்டாம் நாள் எழுதும்போது, தேத்தண்ணியில ஒரு ருசியும் இல்லை என்றாள். வாய்க்கசப்பு என்றேன். தலை சுற்றுகிறது, காதில் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். சூடு இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவள் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. துப்பவும் முடியவில்லை.

"டே, மூஞ்சி ஒரு பக்கம் கட்டிப் போட்ட மாதிரி இருக்குடா. ஒதடு நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது."

"காவி இறுகினா தோலை இழுக்கத்தான் செய்யும். நாளைக்குக் கழுவிட்டா சரியாப் போயிரும்."

இதைத்தான் நான் ஆயுசுக்கும் மறக்க முடியாது. வயிற்றிலோ முதுகிலோ எழுதினால் காவி இறுகுவது ஒரு பொருட்டில்லை. முகத்தில் அரை விரல் கனத்துக்குப் பூசி, அது காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து நிற்கும்போது அதற்குக் கீழே முகம் அசைகிறதா செத்துக் கிடக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் அதே இடத்தில், முன்னைவிடக் கனமாகவே பூசினேன்.

நாலாம் நாள் காலையில் வெந்நீர் வைத்து இஸ்தோப்பில் உட்கார வைத்துக் கழுவினேன். லயத்துக்கு முன்னால் வரிசையாக ஓடுகிற அந்த ஒடுக்கமான தாழ்வாரத்தில்தான் எங்களுக்கு எல்லாம் நடக்கும். பக்கத்துக் காம்பரா அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவருடைய வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காவி கரைந்து சிவப்பாக ஓடியது. காவி போன பிறகும் முகம் நேராகவில்லை. வாய் வலது பக்கம் கோணியிருந்தது. இடது கன்னம் தொங்கிப்போய், நெற்றிச் சுருக்கம் பாதியில் நின்றிருந்தது. வெந்நீர் கண்ணில் பட்டபோது வலது கண்ணை இறுக்கி மூடினாள். இடது கண் திறந்தே இருந்தது. சிவந்த தண்ணீர் அந்தக் கண்ணுக்குள் ஓடியது. அவள் அதை மூடவில்லை.

"என்னடா, எல்லாரும் இப்பிடிப் பாக்குறீங்க?" என்றாள் அக்கா. வார்த்தை குழறி வந்தது.

என் மனைவிதான் ஆட்டோவுக்குச் சொல்லி, அக்காவுக்குச் சேலை மாற்றிவிட்டு, என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளி ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இளவயசுச் சிங்கள டாக்டர் ஒருவர் பார்த்தார். காதுக்குள் விளக்கடித்தார். பஞ்சை நனைத்துக் காது மடிப்பில் மிச்சமிருந்த காவியைத் துடைத்துத் துடைத்துத் தட்டில் போட்டார். எத்தனை நாளாக என்று கேட்டார். இது நாலாம் நாள் என்றேன். அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "தவஸ் துனக்" என்றார். மூன்று நாள். அதற்குப் பிறகு அவர் சிங்களத்தில் சொன்னதில் பாதி எனக்கே புரிந்தது, மீதியைத் தமிழ் நர்ஸ் ஒருவர் சொன்னார். சின்ன வயதில் அக்காவுக்கு அம்மை போட்டிருந்தது அல்லவா, அந்த அம்மை முத்து காய்ந்துபோனாலும் கிருமி போகவில்லை. நரம்புக்குள் போய் ஒளிந்துகொண்டு இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது. இப்போது கிளம்பி, காதுக்குள் ஓடும் முகத்து நரம்பைப் பிடித்துவிட்டது. அதற்கு மாத்திரை இருக்கிறது. கொப்புளம் கிளம்பிய மூன்று நாளைக்குள் கொடுத்திருந்தால் நரம்பைக் காப்பாற்றி இருக்க வாய்ப்பு அதிகம். இப்போதும் கொடுப்போம், ஆனால் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது.

"ரெண்டு வாரத்துக்கு முந்தி கொரோனா ஊசி போட்டாங்க. அதனாலயா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி வாயிலிருந்து வரும்போதே எனக்கு அதன் யோக்கியதை தெரியும்.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். ஊசியைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை, இது அக்கி செய்த வேலை, இதே நோய் ஊசி வருவதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது என்றார். நர்ஸ் அதைச் சொல்லிவிட்டு, தன் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்த்தார். "ஒடம்புல வர்ற அக்கி நூத்துக்குத் தொண்ணூறு தானாவே காஞ்சிரும் அண்ணே. நீங்க எழுதுனாலும் காயும், எழுதாட்டியும் காயும். அதனாலதான் ஒங்களுக்கெல்லாம் பேரு."

சாதாரணமாகத்தான் சொன்னார். யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இத்தனை வருஷமாக நான் இறக்கிய அக்கி எல்லாம் தானாக இறங்கிய அக்கி. என் கை தொட்டு ஒன்று கெட்டது என்றால், அது என் அக்காவின் முகம்.

ஒரு வாரம் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். கண் காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டு மருந்தும், தூங்கும்போது இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்டரும் கொடுத்தார்கள். லயத்து வாசலில் ஆட்டோ நின்றதும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். யாரோ, "ஊசி போட்டதிலதானே?" என்று கேட்டார்கள். நான் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். அக்காவும் தலையைக் குனிந்து உள்ளே போய்விட்டாள். அவளிடம் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஊசி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் எண்ணினேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா!

அன்று பொழுது சாய்வதற்குள் கதை மேல் கணக்கு, கீழ் கணக்கு என்று தோட்டத்தின் மற்றப் பிரிவுகளுக்கும் போய்விட்டது. முதல் ஆளாகப் போய்ப் போட்டுக்கொண்டவளுக்கே இந்தக் கதி என்றார்கள். இரண்டாவது ஊசிக்கு வரச் சொன்ன நாளில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஆள் குறைவு என்று கேள்விப்பட்டேன். நான் போய் வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள் நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும். அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். இடது ஓரம் ஒழுகாமலிருக்க உதட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். நான் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுடைய மகள் வந்து நின்றாள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். அப்பனுக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவள்.

"அத்தை, அப்பாவுக்கு இப்ப காச்சல் இல்ல. நாளைக்கு ஊசிக்குக் கூட்டிக்கிட்டுப் போகவா? அவருக்கு நெஞ்சுச் சளி, சீனி வருத்தம் எல்லாம் இருக்கு. மிட்வைப் மிஸ் கட்டாயம் போடணுங்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொன்னா சரி."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தை அவள் பக்கம் முழுசாகத் திருப்பினாள். "நான் என்னத்தம்மா சொல்ல? நீயே பாத்துக்க" என்றாள்.

மகள் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினேன். வேண்டிய அளவுக்கு மேல் தடவி, நாக்கு வெந்து, இரண்டு நாள் சோறு திங்க முடியவில்லை. அவள் சரி அத்தை என்று போய்விட்டாள்.

ஒரு மாதம் போயிருக்குமா? அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. எப்போதும் இருமுகிறவர்தானே என்று இரண்டு நாள் விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. ஆட்டோ வருகிற ஒடுக்கமான வழியில் ஆம்புலன்ஸ் லயத்துக்குக் கிட்டே வர முடியாததால் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிப்போய் ரோட்டில் ஏற்றினோம். அவர் போர்த்தியிருந்த கம்பளி வழியில் நழுவி விழ, நான் எடுத்து அவர் மடியில் போட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பேச மூச்சில்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது. உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். எங்கள் லயத்துக்குக் குறுக்கே மஞ்சள் நாடா கட்டி இரண்டு வாரம் யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். பறை இல்லை, ஒப்பாரி இல்லை, எட்டாம் நாள் காரியம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் தனியாக அழுதாள். தேற்றப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. நாடாவை நினைத்து ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? சத்தியம் பண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. போட்டவர்களில் போனவர்களும் உண்டு. ஆனால் அவருக்கு இருந்த அந்த ஒரு வாய்ப்பைக் கெடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். சோற்றில் கை வைத்தால் இருமல் கேட்கும். நான் கையை நிறுத்திக் காத்திருப்பேன். "என்னங்க?" என்பாள் மனைவி. "ஒன்னுமில்ல" என்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். இருமுவதற்கு அங்கே ஆளில்லை. பயம் என்றால் இதுதான் பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் அக்கி எழுதவில்லை. தேடி வந்தவர்களிடம் கை நடுங்குகிறது, நேர்த்திக்கடன் இருக்கிறது என்று ஏதாவது கதை விட்டுத் திருப்பி அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. அக்காவின் முகம் கொஞ்சம் திரும்பியது. பேச்சுத் தெளிவானது. வாய் பாதி நேரானது. கண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முன்னைப்போல அவள் யாரையும் கேலி செய்வதில்லை. சிரிப்பு வந்தால் முந்தானையை எடுத்து மறைத்துக்கொள்வாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலையில் அண்ணனுடைய மகள் எங்கள் இஸ்தோப்பில் வந்து நின்றாள். குளித்துத் தலையை முடிந்திருந்தாள். கையில் தாள் சுற்றிய காவிக்கட்டி, கோழி இறகு. வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"மாமா, எனக்கு எழுதி விடுங்க. நேத்துதான் வந்துச்சு, அதுக்குள்ள இடுப்புல பாதிச் சுத்து வந்திருச்சு. ரெண்டு தலையும் சேந்துட்டா உசுருக்கு ஆபத்துன்னு சொல்றாங்களே."

"நான் எழுதுறதில்லம்மா. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"கை நடுங்குனாலும் பரவால்ல மாமா. கோடு கோணலாப் போனா போகட்டும். எனக்கு வேற யாரு இருக்கா?"

"இன்னைக்கே போ. இப்பவே போ. மூணு நாளைக்குள்ள மாத்திரை போடணும்."

"அத்தைக்கு மட்டும் எழுதுனீங்க?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எங்கப்பா இருந்திருந்தா இப்பிடித் தொரத்துவீங்களா?"

அப்போது பக்கத்து வாசலில் அக்கா வந்து நின்றாள். பிளாஸ்டர் ஒட்டிய கண்ணோடு, தலை வாராமல் நின்றாள்.

"எனக்கு எழுதுனான். அதான் எனக்கு இந்த மூஞ்சி" என்றாள் அக்கா. "அக்கிதான் என் நரம்பைத் தின்னுச்சு. மூணு நாளு அதுக்கு மேல காவியப் பூசி மூடி வச்சிருந்தோம். ஆஸ்பத்திரியில நர்ஸு புள்ளை எனக்கும் எல்லாத்தையும் சொல்லிருச்சு. நீ போம்மா. இவன்கிட்ட நிக்காத."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் தெரிந்தே இருந்திருக்கிறாள்! தம்பி கையால் வந்தது என்று ஊர் சொல்லக்கூடாது என்று அவளும் பழியை ஊசி மேலேயே போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளுக்குத் தெரியாது என்று நினைத்து மறைத்தேன். அவள் எனக்காக மறைத்தாள். பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு.

அந்தப் பெண் கையிலிருந்த காவிக்கட்டியைப் பார்த்தாள்.

"அப்ப ஊசியால இல்லையா அத்தை?"

"இல்லம்மா."

அடுத்த கேள்வி வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் கேட்கவில்லை. காவிக்கட்டியை எங்கள் இஸ்தோப்பு ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய், பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினாள். "கூடப் போடா" என்றாள் அக்கா. நான் ஓடினேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டாள். நான் பொகவந்தலாவை வரைக்கும் நின்றுகொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், ஊசி தேவையில்லை, மாத்திரை போதும் என்றார்கள். நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள், கொப்புளம் சுற்றிச் சேர்ந்தால் உயிர் போகும் என்பதெல்லாம் சும்மா பேச்சு, பயப்படாதீர்கள் என்று அவளுக்குத் தமிழில் விளக்கமாகச் சொன்னார்கள். தண்ணீர் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். முதல் மாத்திரையை அங்கேயே போட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வர பஸ்ஸுக்கு நின்றோம். மழை தூறியது. கடை ஓரத்தில் ஒதுங்கினோம். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அம்மா, ஒங்கப்பா விசயத்துல நான்..." என்று தொடங்கினேன்.

"அன்னைக்கு நான் அத்தைகிட்டக் கேக்க வந்தப்ப நீங்களும் அங்கதான் உக்காந்திருந்தீங்க மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சரிதானா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "நான் ஒங்க மொகத்தையும் பாத்தேன். நீங்க தலையை ஆட்டியிருந்தாக்கூடப் போதும், நான் அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

"ஆமாம்மா" என்றேன்.

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.